ஒன்பதாவது வளைவின் தார்

ஏறும்போது தார், இறங்கும்போது ஈசல்.
ஏற்காட்டுக்கு நான் தனியாக ஓட்டிப் போன முதல் நாளுக்கு
இவ்வளவுதான் அத்தாட்சி.

ஒன்பதாவது வளைவில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.
காலில் சாக்குச் சுற்றிய ஒருத்தி
சிவப்புத் துணியைக் காட்டி நிறுத்தினாள்.
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க
கிளட்சில் என் இடது கால் நடுங்கியது.
பச்சையைக் காட்டியதும் பதற்றத்தில்
புது ஜல்லி மேலேயே ஏற்றிவிட்டேன்.
சடசடவென்று அடியில் தெறித்தது.
சிரித்தாள். திட்டவில்லை.

மேலே மழை.
விட்டபிறகு இறங்கினேன், ராத்திரி.
ஹெட்லைட்டைக் கல்யாண வீடென்று நினைத்து
கூட்டம் கூட்டமாய் வந்தன ஈசல்கள்.
வைப்பர் போட்டேன், தப்பு.
கண்ணாடி முழுக்க மோர் தெளித்த மாதிரி ஆயிற்று.
அடிவாரம் வரை இரண்டாம் கியரில்
மன்னிப்புக் கேட்டபடியே வந்தேன்.

விடிகாலை ஐந்தரை, அழகாபுரம்.
சேலத்து வெயில் வருவதற்குள் முடிக்க வேண்டும்.
காய்ந்த பூச்சி பெயிண்டைத் தின்னும்.
செத்த பிறகும் அதற்குப் பசி.

இரண்டாம் மாடி குணசீலன்
பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.
மண்ணெண்ணெய் என்றார்.
பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் என்றார்.
பழைய பிளேடு இருக்கிறது, தரவா என்றார்.
மூன்று முறையும் வேண்டாம் சார் என்றேன்.
அந்த மூன்றும் அவர் கார் கதவில்
ஏற்கெனவே எழுதியிருக்கின்றன.

ஊறவைப்பதுதான் வேலை.
ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துண்டை
பம்பர் மேல் போட்டேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவது போல.
பத்து நிமிடம்.
தேய்க்கவில்லை.
துண்டை எடுக்கும்போது அவையே கூட வந்தன:
ஒரு கால், ஒரு மீசை,
எந்தச் சேதமும் இல்லாமல் முழுசாய் ஒரு சிறகு.
ஒவ்வொரு துடைப்புக்கும் துணியை மடித்துப்
புதுப் பக்கம் திருப்பினேன்.
மண் ஒட்டிய துணி உப்புத்தாள்தான்.

தார் வேறு ரகம். தண்ணீருக்கு மசியாது.
கதவின் கீழே பதினேழு புள்ளி.
எல்லாவற்றின் தலையிலும் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டுக்
குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
பால்காரர் வந்தார், போனார்.
ஓரம் பழுப்பாய்க் கசிந்ததும் ஒற்றி எடுத்தேன்.
பதினாறு போயிற்று.
பதினேழாவது தாரே இல்லை.
எனக்கு முன் வைத்திருந்த யாரோ
இடித்துவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல்
தொட்டுவைத்த கறுப்பு பெயிண்ட்.
அது என் கணக்கில் வராது. விட்டுவிட்டேன்.

எண்ணெய்ப் பிசுக்குப் போக மறுபடி ஷாம்பு,
மறுபடி தண்ணீர், நிழலில் நிறுத்தி மெழுகு.
வண்டி சுத்தம்.
ஆனால் தார் எங்கும் போய்விடவில்லை.
என் வலது கட்டைவிரல் ரேகைக்குள் வந்து
உட்கார்ந்திருந்தது.
நேரமாயிற்று. எண்ணெய்ச் சீசாவைப்
பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பத்திரப்பதிவு ஆபீஸில்
ரேகை வாங்குகிற மேஜை என்னுடையது.
"அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க, லேசா உருட்டுங்க."
பதினொரு வருஷமாய் இதையே சொல்கிறேன்.

வாழப்பாடி பூவாயி.
ஒன்றேகால் ஏக்கர், கிணற்றில் பாதிப் பாத்தியதை.
மை தொட்டாள், உருட்டினாள்,
விரலை முந்தானையில் துடைக்கப் போனவள்
என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள்.

"நீ எதம்மா வித்த?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நாலு வளையல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
சீசாவை அவள் பக்கம் நகர்த்தி,
"ஊறட்டும், உடனே தேய்க்காதீங்க" என்றேன்.

அவள் அதை உள்ளங்கையில் ஊற்றி
உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்துக்கொண்டு
வெயிலில் இறங்கிப் போனாள்.